குப்பைத் தொட்டி முதல் கீரைப்பாத்தி வரை: பள்ளிகளின் கேள்விகளும் பதில்களும்

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட பல கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: மதிய இடைவேளைக்குப் பின் மிஞ்சும் உணவு, காய்த்தோல் எல்லாம் நாளொன்றுக்கு ஆறு கிலோ சேர்கிறது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மேலே மண் தூவி வருகிறோம். இரண்டு மாதமாகியும் உரம் ஆகவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை, ஈ மொய்க்கிறது, அடியில் கறுப்பாக நீர் கசிகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் டிரம்மை அகற்றச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?
— சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியை

சுண்ணாம்பு வேண்டாம். பினாயில், பிளீச்சிங் பவுடர் அறவே வேண்டாம். மட்க வைப்பதே நுண்ணுயிர்கள்தான். அவற்றைக் கொன்றுவிட்டு உரத்துக்குக் காத்திருந்து பயனில்லை. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி, தழைச்சத்தை (நைட்ரஜனை) அமோனியாவாகக் காற்றில் விரட்டும். நாற்றம் மாறும், போகாது.

உங்கள் டிரம்மில் நடப்பது மட்குதல் அல்ல, அழுகல். நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அது 15, 20 பங்குதான். காய்ந்த சருகில் 50 முதல் 80 வரை இருக்கும். அட்டைப்பெட்டியில் 300-ஐத் தாண்டும். அதனால்தான் ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டரை, மூன்று வாளி சருகு என்று சொல்வது. இது எடைக்கணக்கு அல்ல, வாளிக்கணக்கு. நீங்கள் சருகு போடவேண்டிய இடத்தில் மண் போடுகிறீர்கள். மண்ணில் கார்பன் சொற்பம். ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொண்டு, இருக்கிற காற்றுவழியையும் அடைத்துவிடும். தூவியதும் நாற்றம் கொஞ்சம் அடங்குவதுபோல் தெரிவதால் இந்தப் பழக்கம் பள்ளிக்குப் பள்ளி தொற்றிக்கொண்டே போகிறது.

அடுத்தது இடம். ஆறு கிலோ உணவுக்கழிவு பத்துப் பன்னிரண்டு லிட்டர் வரும். அதற்கு முப்பது லிட்டர் சருகு. ஆக, நாளைக்கு நாற்பது லிட்டர்; உங்கள் டிரம் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 880 லிட்டர். மட்கும்போது பாதிக்கும் கீழே இறங்கும் என்றாலும், ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட கூண்டு ஒன்று இரண்டு மாதத்தில் நிறைந்துவிடும். ஆகவே மூன்று கூண்டுகள் தேவை: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று மட்கிக்கொண்டிருக்கும், ஒன்று முதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வளவு இடம் இல்லையென்றால் எல்லாக் கழிவையும் ஏற்காதீர்கள். காய்த்தோல், பழத்தோல் மட்டும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய், இறைச்சி, சமைத்த உணவு எலியை வரவழைப்பவை. மூடியில்லாத கூண்டில் அவற்றுக்கு இடமே கிடையாது.

இப்போதிருப்பதைக் காப்பாற்றலாம். மாணவர்கள் இல்லாத நாளில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, டிரம்மைத் தார்ப்பாயில் கவிழ்த்துவிடுங்கள். மூன்று மடங்கு சருகு, கிழித்த அட்டை (பிசின் நாடாவை உரித்துவிட்டு) சேர்த்து மண்வெட்டியால் புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு; பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர். கூண்டின் அடியில் விரல்கனக் குச்சிகளை 15 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் இந்தக் கலவையைக் கொட்டுங்கள். மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். 70-ஐத் தொட்டால் உடனே புரட்டிவிடுங்கள். அதற்கு மேல் நல்ல நுண்ணுயிர்களும் சாகும். மற்றபடி வாரம் ஒருமுறை புரட்டினால் போதும். சூடே ஏறவில்லையா? குவியல் சிறியது, காய்ந்தது, அல்லது பச்சைக்கழிவு போதவில்லை. மூன்றில் ஒன்றுதான் காரணம்.

இனிமேல் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று இல்லை, புரட்ட வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து மிகுதி, சருகு சேர்க்க வேண்டும். ஈக்களுக்குத் தனி மருந்து எதுவும் வேண்டாம்: கழிவைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஐந்து செ.மீ. சருகு மூடியிருந்தால் ஈ முட்டையிட இடமிருக்காது. அந்தச் சருகு கைக்கெட்டும் தூரத்தில் மூட்டையாக நிற்க வேண்டும். கழிவு தினமும் வரும், சருகு ஒரு பருவத்தில்தான் உதிரும். குறைந்தது இரண்டு மாதச் சருகைச் சேர்த்துவைத்த பிறகே முதல் வாளியைக் கொட்டத் தொடங்குவது நல்லது. பெரும்பாலான பள்ளிகள் தலைகீழாகத் தொடங்குகின்றன.

கேள்வி: எங்கள் கூண்டில் நான்கு மாதமாகிவிட்டது. உரம் தயாரா என்று எப்படி உறுதிப்படுத்துவது?
— 8-ஆம் வகுப்பு மாணவி

புரட்டிவிட்ட பிறகும் சூடேறாமல் இருக்கிறதா, மழை பெய்த மண்ணின் வாசம் வருகிறதா, எது இலை எது தோல் என்று அடையாளம் தெரியாமல் கரைந்திருக்கிறதா என்று முதலில் பார். பிறகு ஒரு பிடி ஈர உரத்தைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திற. புளித்த வாடை அடித்தால் இன்னும் வேலை பாக்கி.

அதற்கும் மேல் ஒரு விதைச்சோதனை இருக்கிறது. ஒரு கோப்பை உரத்தை இரண்டு கோப்பை நீரில் சில மணி நேரம் ஊறவைத்து வடிகட்டு. இரண்டு தட்டுகளில் மடித்த தாளை விரித்து, ஒன்றை இந்த வடிநீராலும் மற்றொன்றை வெறும் நீராலும் நனைத்து, தட்டுக்கு இருபது முள்ளங்கி விதை வை. ஐந்தாம் நாள் எண்ணு. வெறும் நீரில் இருபதும் முளைத்து, உரநீரில் பதினாறுக்கும் குறைவாக முளைத்தால் உரம் இன்னும் பச்சை. ஒரு மாதம் ஆறப்போட வேண்டும். வேரின் நீளத்தையும் அளந்து பார். முளைத்தும் வேர் கட்டையாகப் பழுப்பேறி நின்றால் அதுவும் அதே கதைதான்.

தயாரானதை ஒரு செ.மீ. கண் கொண்ட சல்லடையில் சலித்து, பாத்தியில் இரண்டு மூன்று செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் போதும். சல்லடையில் நின்ற கப்பிகளைப் புதுக்குவியலில் போட்டுவிடு.

கேள்வி: ‘பாட்டில் தோட்டச் சுவர்’ அமைக்க ஒவ்வொரு குழந்தையும் இரண்டு காலி பாட்டில் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குளிர்பானம் வாங்குவதே இல்லை. பாட்டிலுக்காக வாங்கி, பானத்தைக் கொட்டவா? இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?
— ஒரு தாய்

வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் பாட்டில் இல்லாமல் இருப்பதுதான் இந்தத் திட்டத்தின் இலக்காக இருக்க வேண்டும். வகுப்பாசிரியரிடம் அதை அப்படியே சொல்லலாம்.

லாபம் என்ற கேள்விக்கு நேரான பதில்: குறைவு, சில வேளை நஷ்டம். குளிர்பான பாட்டில் பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மறுசுழற்சிக்கு எளிதில் எடுத்துக்கொள்ளப்படும் பிளாஸ்டிக்குகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. அதை வெட்டி, வண்ணம் பூசி, மண் நிரப்பினால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. வெயிலில் தொங்கும் பாட்டில் ஓரிரு ஆண்டில் நொறுங்கத் தொடங்கும். அந்தத் துணுக்குகள் தோட்டத்து மண்ணிலேயே கலக்கும். செடிக்கும் அது நல்ல வீடல்ல. ஒரு லிட்டர் மண் வெயிலில் அரைநாளில் காய்ந்துவிடும். பாட்டில் ஒளி புகுவது என்பதால் உள்பக்கம் பாசி பிடிக்கும், வேர் ஒளியைக் கண்டு கூசும். சுவர் நிறையத் தொங்கும் பாட்டில்களுக்குத் தினமும் இருவேளை நீர் ஊற்ற ஆள் இருக்கிறாரா என்பது, அமைக்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வி.

பாட்டிலில் பிளாஸ்டிக் உறைகளைத் திணித்துச் செங்கல்லாக்குவதும் இதே வகைதான். தனித்தனியாக இருந்தால் மறுசுழற்சிக்குப் போகக்கூடிய இரண்டு பொருள்களைப் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்குகிறோம்.

பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சில பாட்டில்களுக்கு நல்ல உபயோகங்கள் உண்டு. அடியை வெட்டி, மூடியைக் கழற்றி, இளநாற்றின் மேல் கவிழ்த்தால் பறவையிடமிருந்தும் குளிரிலிருந்தும் காக்கும். நாற்று தேறியதும் எடுத்து வைத்தால் அடுத்த முறையும் உதவும். வேர் வளர்வதைக் காட்டும் வகுப்புச் சோதனைக்கு, வெளியே கறுப்புத்தாள் சுற்றி, பார்க்கும்போது மட்டும் அகற்றலாம். தொட்டியாகத்தான் வைப்பேன் என்றால் அடியிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் ஐந்து மி.மீ. துளைகள் இரண்டு போடச் சொல்லுங்கள். அடியில் கொஞ்சம் நீர் தங்கும், மிஞ்சியது வெளியேறும்.

பழைய டயரைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ரப்பரில் துத்தநாகம் இருக்கிறது, மண்ணில் மெல்லக் கசியும். டயரில் பூச்செடி வைக்கலாம். உண்ணும் பயிர் வேண்டாம்.

கேள்வி: மூன்று நிறத் தொட்டிகள் வைத்து ஒரு வருடமாகிறது. மூன்றிலும் ஒரே குப்பைதான் கிடக்கிறது. மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. என்ன செய்வது?
— தலைமை ஆசிரியர்

மாணவர்களைக் குறை சொல்லும் முன், மாலையில் தொட்டிகள் காலியாவதைப் பாருங்கள். துப்புரவுப் பணியாளர் கையில் ஒரே வண்டி, ஒரே சாக்கு இருந்தால் மூன்று நிறமும் அதில் கலந்துதான் போகும். அதை ஒரு மாணவன் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், செய்தி பள்ளி முழுக்கப் பரவிவிடும். ஒவ்வொரு தொட்டியும் கடைசியில் யாரிடம் போகிறது, வாரத்தில் எந்த நாள் என்பது முடிவாகாமல் தொட்டி வைப்பதில் பொருளில்லை. முதல் கூட்டத்திலேயே பணியாளர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். எது நடக்கும், எது நடக்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, எடை போடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், ஐந்து வேலைநாள் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, தாள்-அட்டை, உணவு-செடி, பிளாஸ்டிக்-உலோகம்-கண்ணாடி, மற்றவை என நான்காகப் பிரித்து, தொங்கு தராசில் நிறுத்து எழுதுங்கள். முன்கூட்டியே சொன்னால் அந்த வாரம் மட்டும் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள், கணக்கு பொய்யாகும். கழிப்பறைக் குப்பையும் முதலுதவி அறைக் குப்பையும் இதில் சேரவே கூடாது. கையுறை கட்டாயம். உடைந்த கண்ணாடியைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு வந்ததும் தொட்டிகளின் இடம் தானே தெளிவாகும். வகுப்பறையில் தாள் மட்டுமே மிகுதி என்றால் அங்கே தாள் பெட்டி ஒன்றே போதும். மூன்றும் சேர்ந்த நிலையம் உணவு உண்ணும் இடத்தில் இருக்கட்டும். தொட்டி தனியாக எங்கே நின்றாலும் அதில் எல்லாமே விழும். மூடியின் வாயை மாற்றுங்கள்: தாளுக்கு ஐந்து செ.மீ. அகல நீளப்பிளவு, பாட்டிலுக்கு 12 செ.மீ. வட்டத்துளை, உணவுக்கு முழு மூடி. கை நின்று யோசிக்க அந்தத் துளை போதும். மேலே எழுத்துப் பலகையைவிட, அந்தப் பள்ளியில் உண்மையிலேயே சேரும் உறை, பாட்டில், தாள் ஆகியவற்றையே ஒட்டிவைப்பது பலன் தரும். பக்கத்தில் ஒரு வாளி வையுங்கள், மிச்ச நீரையும் பானத்தையும் ஊற்ற. ஒரு அரை பாட்டில் பானம் கவிழ்ந்தால் ஒரு தொட்டித் தாளும் வீண்.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்கு மறுசுழற்சி பற்றி ஏதாவது செய்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணை வைத்து ஏதாவது செய்யலாமா?
— 9-ஆம் வகுப்பு மாணவன்

செய்யலாம் தம்பி. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்: அந்த முக்கோணம் ‘இது மறுசுழற்சி ஆகும்’ என்று சொல்வதில்லை, எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. மூன்று அம்புகள் சுற்றும் மறுசுழற்சிச் சின்னத்தை 1970-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டிக்காக வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர். 1988-இல் பிளாஸ்டிக் தொழில்துறை எண்களை அறிமுகப்படுத்தியபோது அதே போன்ற அம்புகளைச் சுற்றிப் போட்டுவிட்டது, குழப்பம் அங்கேதான் தொடங்கியது. 2013-இல் அம்புகளுக்குப் பதில் சாதாரண முக்கோணம் போதும் என்று தரவிதி மாற்றப்பட்டது. ஆனாலும் பழைய அச்சுகளில் வார்த்த பொருள்களில் அம்பு இன்னும் இருக்கிறது.

சோதனைக்கு 1 முதல் 6 வரை எண்ணுள்ள பொருள்களிலிருந்து இரண்டு செ.மீ. துண்டுகளை வெட்டி, ஒட்டுத்தாளை உரித்துக் கழுவு. கண்ணாடிப் பாத்திரத்தில் நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்று. இல்லாவிட்டால் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். துண்டுகளைக் குச்சியால் நீருக்குள் அமுக்கிவிடு. 2, 4, 5 மேலே வரும். 1, 3, 6 அடியில் கிடக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் 5-ஆம் எண்ணுக்கு 0.9, 6-க்கு 1.05, 1-க்கு 1.38. மூழ்கியவற்றை, லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்த நீரில் போட்டால் 6 மட்டும் மேலே வரும். நுரைத்தட்டு, நுரைக்கோப்பையும் எண் 6 தான். ஆனால் உள்ளே காற்று இருப்பதால் எதிலும் மிதக்கும், அதை எடுக்காதே.

ஒரு பாட்டிலை மூடியோடு துண்டு துண்டாக்கிப் போட்டுக் காட்டினால் பார்ப்பவர்கள் நின்று கவனிப்பார்கள்: உடல் மூழ்கும், மூடி மிதக்கும். மறுசுழற்சி ஆலைகளிலும் நொறுக்கிய பாட்டிலை இப்படித்தான் தொட்டி நீரில் பிரிக்கிறார்கள். எரித்துப் பார்த்து வகை கண்டுபிடிக்கும் முறையை யாராவது சொன்னால் செய்யாதே. எண் 3 எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்.

கேள்வி: கட்டடத்தை ஒட்டி 10 மீட்டருக்கு 4 மீட்டர் இடம் இருக்கிறது. ஒரு வகுப்பில் 40 பேர். ஆண்டின் தொடக்கத்தில் ஆசையாக நடுகிறோம். நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. என்ன நடலாம், எப்படிப் பராமரிக்கலாம்?
— அறிவியல் ஆசிரியர்

என்ன நடலாம் என்பதைவிட எப்போது அறுக்கலாம் என்று கேளுங்கள். பள்ளித் தோட்டத்துக்குப் பள்ளி நாட்காட்டிதான் பருவம். விடுமுறை தொடங்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அறுவடை முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். முள்ளங்கிக்கும் கீரைக்கும் 25 முதல் 30 நாள், வெண்டை முதல் பறிப்புக்கு 45 முதல் 50, செடி பீன்ஸுக்கு 50 முதல் 60. தக்காளிக்கு நாற்றங்காலில் ஒரு மாதமும் நட்ட பின் 60 முதல் 80 நாளும் ஆகும். பருவத்தின் முதல் வாரத்திலேயே விதைத்தால்தான் பிள்ளைகள் பழத்தைப் பார்ப்பார்கள். முதல்முறை என்றால் முள்ளங்கியும் கீரையும் போதும். ஒரு மாதத்தில் கையில் கிடைத்துவிட்டால் அடுத்த விதைப்புக்குத் தனியாக ஊக்கம் ஊட்ட வேண்டியதில்லை.

இடத்தை இப்படிப் பிரிக்கலாம். சுவரோரம் ஒரு மீட்டரை நடைபாதையாக விட்டுவிடுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் உதிர்ந்த வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். கூரைநீர் சொட்டும் அந்தப் பட்டையில் உண்ணும் பயிர் வேண்டாம். மீதி மூன்று மீட்டர் அகலத்தில் குறுக்காகப் பாத்திகள்: 3 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், இடையில் 60 செ.மீ. வழி. பிள்ளைகள் இருபுறமும் நின்றால் நடுப்பகுதி வரை கை எட்டும், பாத்திக்குள் கால் வைக்கவேண்டி வராது. மிதிபட்ட மண்ணில் வேர் இறங்காது. இந்தக் கணக்கில் ஆறு பாத்தி கொள்ளும். பாத்திக்கு ஆறேழு பேர். ஆனால் முதல் ஆண்டு இரண்டே பாத்தி போடுங்கள். 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு பாத்தியை நிரப்பவே 675 லிட்டர் மண்கலவை வேண்டும்: பாதி மண், மூன்றில் ஒரு பங்கு மட்கு உரம், மீதி மணல் அல்லது நார்க்கழிவு. இலைக்கறிக்கு நான்கு மணி நேர வெயிலும் காய்கறிக்கு ஆறு மணி நேரமும் குறைந்தபட்சம். கட்டட நிழல் எங்கே எப்போது விழுகிறது என்பதைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பாத்தியைத் தொடங்குங்கள்.

விதையைப் பிள்ளைகள் ஆழமாகப் புதைப்பார்கள். விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். கீரை விதைக்கு மண் தூவினாலே சரி. முளைத்தபின் முள்ளங்கியை ஐந்து செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். பிடுங்க மனம் வராது. கலைக்காவிட்டால் கிழங்கு பிடிக்காமல் இலையே மிஞ்சும். பிடுங்கியதைக் கழுவிச் சாப்பிடலாம் என்று சொன்னால் வேலை நடந்துவிடும்.

பள்ளி நடக்கும் நாளில் செடி சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, ஊற்றி ஊற்றியே. சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்பது பொதுக்கணக்கு. உங்கள் பாத்தி 2.7 சதுர மீட்டர். பத்து லிட்டர் பூவாளியில் வாரம் ஏழு முறை. கடும் வெயிலில் பத்து. ஏழு பிள்ளைகளும் தினம் ஆளுக்கொரு பூவாளி ஊற்றினால் என்னவாகும் என்று பாருங்கள். நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல இளைத்து, பழுத்து, அப்படியே சாய்ந்தால் அது ஈரம் மிகுந்து வரும் நாற்றழுகல். நீரை நிறுத்தி, நெருக்கத்தைக் கலைத்து, காற்றோட்டம் கொடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால்தான் நீர் என்று விதி வைத்துவிடுங்கள்.

விடுமுறைக்குப் பாத்தி காலியாகவே இருக்கட்டும். அறுவடை முடிந்ததும் ஒருமுறை நன்றாக நனைத்து, எட்டுப் பத்து செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் களை அடங்கும், மண்ணின் ஈரம் நிற்கும், திரும்பி வரும்போது கீழ்ச்சருகு மட்கத் தொடங்கியிருக்கும். சில செடிகளை விட மனமில்லை என்றால், மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவையுங்கள். சுவர் வழியே கசியும் நீரைப் பக்கத்து வேர்கள் எடுத்துக்கொள்ளும். அதையும் வாரம் இருமுறை நிரப்ப ஒருவர் வேண்டும். அவர் பெயர் விடுமுறைக்கு முன்பே பலகையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய தாளை ஊறவைத்துக் கைக்காகிதம் செய்தோம். கட்டி கட்டியாக வந்தது, எடுக்கும்போது கிழிந்தது, எழுதினால் மை பரவுகிறது.
— கைவினை ஆசிரியை

மூன்றுக்கும் மூன்று காரணம். கட்டி விழுவது ஊறாததால். பத்து ஏ4 தாளை இரண்டு செ.மீ. துண்டுகளாகக் கிழித்து (வெட்டினால் இழை குட்டையாகும்) இரண்டு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைநிமிடம் அரைத்து, பத்து லிட்டர் நீருள்ள தொட்டியில் கலக்குங்கள். வழவழப்பான அட்டை, மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய கோப்பை, ரசீதுத்தாள் வேண்டாம்.

கிழிவது, படலம் மெலிந்ததாலும் அவசரத்தாலும். ஒவ்வொரு தாள் எடுக்கும் முன்பும் தொட்டியைக் கலக்க வேண்டும், கூழ் அடியில் தங்கிவிடும். வலைச்சட்டத்தைச் சாய்வாக உள்ளே விட்டு, கிடைமட்டமாகத் தூக்கி, நீர் வடியும்போது முன்பின்னும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்டினால் இழைகள் பின்னிக்கொள்ளும். சொட்டுவது நின்றதும் ஈரத்துணியில் கவிழ்த்து, பின்பக்கம் பஞ்சால் ஒற்றிச் சட்டத்தைத் தூக்குங்கள். துணியோடு அடுக்கி, பலகை வைத்துப் பாரமேற்றி நீரைப் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருளும். முழுக்கக் காய்ந்தபிறகே துணியிலிருந்து உரிக்க வேண்டும்.

மை பரவாமலிருக்க ஒரு மேசைக்கரண்டி மாவுப்பசையை ஒரு கோப்பை நீரில் காய்ச்சித் தொட்டியில் கலக்கலாம். மீந்த கூழைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டி மட்குக்குவியலில் போடுங்கள்.

ஒரு கணக்கு மட்டும் மனத்தில் இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 80 கிராம் தரத்து ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராம். கிலோவுக்கு 200 தாள். மேலே சொன்ன பத்துத் தாளில் கனமான பத்து அரைத்தாள் வரும், அதற்கு ஒரு வகுப்பு நேரம் போய்விடும். இது இழை என்றால் என்ன என்று காட்டும் பாடம். குப்பையைக் குறைக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எழுதவையுங்கள்.

கேள்வி: கூரைநீரைத் தோட்டத்துக்குச் சேமிக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? கொசு வராதா?
— பெற்றோர்-ஆசிரியர் குழு உறுப்பினர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 480 லிட்டர் வரும். ஆகவே 500 லிட்டர் தொட்டியில் தொடங்கலாம். முதலில் வரும் 60 லிட்டர் தூசி, பறவை எச்சத்தோடு வரும். அதைத் தனிக்குழாயில் வெளியேற்றுங்கள். கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். உள்வாய், வழிவாய் இரண்டிலும் ஒரு மி.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள வலை கட்டுங்கள். பெரும்பாலும் தப்பு தொட்டியில் நடப்பதில்லை. பூந்தொட்டியின் கீழ்த்தட்டு, கவிழ்க்காமல் விட்ட பூவாளி, கூரை வாய்க்காலில் தேங்கிய சருகு இவற்றில்தான். வாரம் ஒரு நாள் இவற்றைக் கவிழ்ப்பதை ஒரு குழுவின் வேலையாக்குங்கள்.

கேள்வி: பீன்ஸ் கொடியில் அசுவினி அப்பியிருக்கிறது. பள்ளியில் மருந்தடிக்கக் கூடாது என்கிறார்கள்.
— 7-ஆம் வகுப்பு மாணவர்கள்

சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலில் வெறும் நீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள், பாதி உதிர்ந்துவிடும். மறுநாளும் இருந்தால் லிட்டர் நீருக்கு ஐந்து மி.லி. மென்மையான திரவச் சோப்பு கலந்து, ஒரு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு, மாலையில் பூச்சி மேல் படும்படி தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். பொறிவண்டு கண்ணில் பட்டால் தெளிக்காமல் நான்கு நாள் பொறுங்கள், அது தின்றுவிடும்.

கேள்வி: பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பெட்டி வைக்கலாமா?
— மாணவர் மன்றச் செயலாளர்

அவற்றை வாங்கிக்கொள்ளும் உரிமம் பெற்ற நிறுவனம் எது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று உறுதியானால் மட்டும் வையுங்கள். பெட்டி அலுவலக அறையில், பெரியவர் கண்ணெதிரே இருக்கட்டும். லித்தியம் பேட்டரியின் முனைகளிலும், பொத்தான் பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டிய பிறகே போட வேண்டும். முனைகள் உரசினால் தீப்பற்றும். பொத்தான் பேட்டரியைச் சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும், அதனால் கீழ்வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு சேகரிக்கவே கூடாது. உப்பிய கைபேசிப் பேட்டரியை யாராவது கொண்டுவந்தால் பெட்டியில் போடாமல், கட்டடத்துக்கு வெளியே உலர்மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்துவிட்டு அன்றே அந்த நிறுவனத்தை அழையுங்கள்.